அடிபட்டவர் கையெழுத்திடாத ஒப்பந்தம்

ஒரு சிறுவனோ, மீசை அரும்பிய இளைஞனோ ஓட்டிய வண்டி யாரையேனும் கொன்றுவிட்டால் மூன்று வாக்கியங்கள் உடனே எழும். வண்டிக்காரர் வீட்டில், “வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும்.” காவல் நிலையத்தில், “பையன் கேட்காமல் சாவியை எடுத்துப் போய்விட்டான்.” சமூக ஊடகத்தில், “அவனை வயதுவந்தவனாகக் கருதித் தண்டிக்க வேண்டும்.” இம்மூன்று வாக்கியங்களிலும் இடம்பெறாத ஒருவர் உண்டு. அவர் சாலையோரம் நடந்துசென்று அடிபட்டவர்.

முதல் வாக்கியம் பாதிப் பொய். இரண்டாவது வாக்கியம் சட்டத்தின் முன் பெரும்பாலும் நிற்காத சாக்கு. மூன்றாவது நியாயமான சினம். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. அடிபட்டவருக்கு, அல்லது அவர் விட்டுச்சென்ற குடும்பத்துக்கு, யார், எவ்வளவு, எப்போது கொடுக்கப்போகிறார் என்பதே முதல் கேள்வி. அக்கேள்விக்கு நேராக விடை சொல்ல இந்தியச் சட்டம் இன்றுவரை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தின் விலை எங்கும் கொடிது. நீதிமன்றத்துக்கும் உயர் சிகிச்சைக்கும் நடுவே கடல் கிடக்கும் அந்தமான் நிகோபார் தீவுகளில் அது இன்னும் கொடிது.

அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டார் வண்டிக்குக் காப்பீடு கட்டாயம் என்ற விதி வண்டி வைத்திருப்பவரின் நன்மைக்காக வந்ததன்று. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அவ்விதியைத் தன் எட்டாம் அத்தியாயத்தில் வைத்தது. அந்த அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதே கட்டாயத்தைச் சொல்கிறது. வண்டிக்காரர் தம் வண்டிக்கோ தம் உடலுக்கோ காப்பீடு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அரசுக்கு அக்கறையில்லை. பிறருக்கு அவர் விளைவிக்கக்கூடிய கேட்டுக்குக் காப்பீடு இல்லாமல் பொதுச்சாலையில் வண்டியை இறக்கக் கூடாது என்பதே கட்டளை. ஆகவே இந்தக் காப்பீட்டின் உண்மையான உரிமையாளர் சாலையில் நடப்பவர். பிரீமியம் கட்டுபவர் வேறு, பயனுக்குரியவர் வேறு.

ஆனால் அந்த ஒப்பந்தம் அவரை எப்படி அழைக்கிறது? மூன்றாம் தரப்பு. வண்டிக்காரர் முதல் தரப்பு, நிறுவனம் இரண்டாம் தரப்பு, உலகின் மற்ற மனிதர் எல்லாரும் மூன்றாம் தரப்பு. தமிழ் இலக்கணத்தின் மூவிடப் பாகுபாட்டை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். தன்மையும் முன்னிலையும் பேசிக்கொள்கின்றன, படர்க்கை பேசப்படுகிறது. எவரைக் காக்க இந்த ஏற்பாடு முழுவதும் உருவாயிற்றோ, அவரே அந்த உரையாடலில் வாயில்லாதவர். நிபந்தனைகளை எழுதியது நிறுவனம். ஒப்புக்கொண்டது வண்டிக்காரர். மீறியதும் வண்டிக்காரர். மீறியதற்கான தண்டனை மட்டும் கையெழுத்தே இடாத மூன்றாமவர் தலையில் விழுகிறது. இக்கட்டுரையின் சண்டை இந்த ஒன்றோடுதான்.

எண்களைப் பார்ப்பது நல்லது. 2022 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் காருக்கு ஓராண்டு மூன்றாம் தரப்புப் பிரீமியம் 3,416 ரூபாய். 75 முதல் 150 சிசி வரையிலான இருசக்கர வண்டிக்கு 714 ரூபாய். வண்டியை ஓட்டப்போவது ஐம்பது வயது ஆசிரியரா, நேற்று உரிமம் வாங்கிய பதினெட்டு வயது மாணவரா என்று இந்தக் கட்டணம் கேட்பதில்லை. இங்கிலாந்து போன்ற நாடுகளில் இளம் ஓட்டுநருக்குப் பிரீமியம் பல மடங்கு ஏறும். மகன் பெயரைப் பாலிசியில் சேர்க்கும்போதே குடும்பம் அந்த ஆபத்தின் விலையை உணரும். இந்தியாவில் காப்பீடு வண்டியைத் தொடர்கிறது, ஓட்டுபவரை அன்று. அதனால் சாவியைக் கொடுப்பது செலவில்லாத செயலாகத் தோன்றுகிறது.

செலவு பிறகு வருகிறது. முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர், மாதம் 15,000 ரூபாய் ஈட்டுபவர், மனைவியும் ஒரு குழந்தையும் உடையவர், வண்டி மோதி இறந்தார் என்று கொள்வோம். உச்ச நீதிமன்றம் சர்ளா வர்மா வழக்கிலும் (2009) பிரணய் சேத்தி வழக்கிலும் (2017) வகுத்த முறைப்படி, எதிர்கால வருவாய்க்காக 40 விழுக்காடு கூட்டினால் 21,000. தம் சொந்தச் செலவுக்கு அவர் எடுத்துக்கொண்டிருக்கக்கூடிய மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 14,000. ஆண்டுக்கு 1,68,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆகமொத்தம் 28,56,000 ரூபாய். ஈமச்செலவு முதலிய தலைப்புகளில் வருவன தனி. இது பெருஞ்செல்வர் ஒருவரின் கணக்கன்று. கூலித் தொழிலாளியின் கணக்கு. காப்பீடே இல்லாமல் வண்டி ஓட்டுவதற்கு 196ஆம் பிரிவு முதல் முறைக்கு விதிக்கும் அபராதம் 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. 714 ரூபாயை மிச்சப்படுத்துபவர் எதிர்கொள்ளும் அபராதமும், அவர் ஒரு குடும்பத்துக்கு விளைவிக்கக்கூடிய இழப்பும் ஒரே தராசில் நிற்கவே இல்லை.

புதிய வண்டிகளேனும் சில ஆண்டுகள் காப்பீட்டோடு ஓடுகின்றன என்றால் அதற்குக் காரணம் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். சாலைப் பாதுகாப்புக்காக அவர் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், காருக்கு மூன்று ஆண்டு, இருசக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்தாக வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்த ஆண்டுகள் கழிந்தபின் புதுப்பிப்பது வண்டிக்காரரின் மனச்சான்றையும், சாலையில் நிற்கும் காவலரின் கண்ணையும் பொறுத்தது.

இனி, காப்பீடு முறையாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது “இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்” என்பது மெய்யா? நிறுவனம் தன்னைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோருவதற்கான காரணங்களை 150ஆம் பிரிவு (2019 திருத்தத்துக்கு முன் 149) பட்டியலிடுகிறது. உரிமமில்லாதவர் ஓட்டியது அவற்றுள் ஒன்று. வாடகைக்கு விட அனுமதி பெறாத வண்டியை வாடகைக்கு விட்டது மற்றொன்று. குடிபோதையில் ஓட்டியது 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் புதிதாகச் சேர்ந்த ஒன்று.

இங்கேதான் சட்டத்தின் தலைகீழ்த் தர்க்கம் வெளிப்படுகிறது. உரிமமுள்ள, நிதானமுள்ள ஒருவர் கணநேரக் கவனக்குறைவால் மோதினால், அடிபட்டவருக்குப் பணம் உறுதி. பதினாறு வயதுச் சிறுவன், உரிமமின்றி, குடித்துவிட்டு மோதினால், அதே அடிக்கு, அதே காலிழப்புக்கு, பணம் ஐயத்துக்குரியது. ஓட்டியவரின் குற்றம் பெருகப் பெருக நிறுவனத்தின் வாதம் வலுக்கிறது. அடிபட்டவரின் கை நழுவுகிறது. எந்த நீதி நூலும் ஏற்காத கணக்கு இது. ஓட்டியவரின் வயதை விசாரித்துக்கொண்டு எவரும் சாலையைக் கடப்பதில்லை.

உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைத் திருத்த முயன்றிருக்கிறது. 2004 ஜனவரியில் ஸ்வரண் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, உரிமம் இல்லை என்பது மட்டுமே நிறுவனத்தை விடுவிக்காது என்றது. வண்டிக்காரர் தெரிந்தோ அசட்டையாலோ நிபந்தனையை மீறினார் என்பதை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பித்தாலும், முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாயம் ஆணையிடலாம். ‘முதலில் கொடு, பிறகு வசூலி’ என்ற இந்நெறி எண்ணற்ற குடும்பங்களைத் தெருவில் நிற்காமல் காத்தது.

ஆனால் அது நீதிமன்றத்தின் கருணையாகவே நின்றது. சட்டத்தின் எழுத்தாக ஆகவில்லை. 2008இல் உச்ச நீதிமன்றத்தின் வேறோர் அமர்வு, கார் ஓட்டியவர் வயதுவராதவர் என்ற காரணத்தால் காப்பீட்டு நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்றது. சட்டமே ஓட்டத் தடைசெய்திருக்கும் சிறுவனிடம் வண்டி போனால் அது உரிமையாளரின் பொறுப்பு என்பது அதன் தர்க்கம். 2011இல் நீதிபதி அல்தமாஸ் கபீர் அங்கம் வகித்த அமர்வின் முன் மற்றொரு வழக்கு வந்தது. உறவினரான சிறுவன் தமக்குத் தெரியாமல் சாவியை எடுத்து மோட்டார் சைக்கிளை ஓட்டிச் சென்றான் என்றார் உரிமையாளர். வண்டி சிறுவன் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் கடமை என்று சொல்லி, நிறுவனம் கொடுத்த தொகையை அவரிடம் வசூலிக்கும் உரிமையை நீதிமன்றம் உறுதிசெய்தது. ஒரே வகையான வழக்கு. ஓரமர்வில் ஒரு முடிவு, மற்றோர் அமர்வில் வேறொரு முடிவு. எந்த அமர்வு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு விதவையின் வாழ்க்கை அமையலாகாது.

இத்தீர்ப்புகள் எல்லாவற்றிலும் உறுதியாக நிற்கும் செய்தி ஒன்றுண்டு: சாவியைக் கொடுத்தவர் தப்ப முடியாது. ‘தந்தை’ என்பதால் மட்டும் ஒருவர் மகனின் தவறுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை. வண்டியின் ‘உரிமையாளர்’ என்பதால், ஓட்ட இடங்கொடுத்தவர் என்பதால் அவர் பொறுப்பாளி. 2019இல் சேர்ந்த 199ஏ பிரிவு இதைக் குற்றவியலுக்கும் நீட்டியது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பாதுகாவலரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. அச்சிறுவருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்கத் தக்க முயற்சி எல்லாம் எடுத்தேன் என்பதை மெய்ப்பிக்கும் சுமை பெரியவர் மேலேயே இருக்கிறது.

இது அப்பாக்களுக்கு மட்டுமான செய்தியன்று. பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு நாளில் எத்தனை முறை சாவி கைமாறுகிறது? “மெஸ்வரை போய் வருகிறேன், வண்டியைக் கொடு” என்று கேட்பவரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்வது நட்புக்கு இழுக்காகக் கருதப்படுகிறது. வண்டி எவர் பெயரில் இருக்கிறதோ அவர்தான், ஆராய்ச்சி உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவரே ஆனாலும், பின்னாளில் நிறுவனத்தின் வசூல் வழக்கில் எதிர்மனுதாரர். “இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்” என்பதன் முழு வடிவம் இதுதான்: இன்ஷூரன்ஸ் முதலில் அடிபட்டவரைப் பார்க்கும், பிறகு வண்டிக்காரரின் வீட்டைப் பார்க்கும்.

இந்தச் சட்டக் குழப்பம் தீவுகளில் என்னவாகிறது?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் வாழ்ந்தோர் 3,80,581 பேர். அவர்களுள் தமிழ் பேசுவோர் ஒரு பெருங்கூட்டம். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோர் முதல், தலைநகரின் கடைத்தெருக்களில் தலைமுறைகளாக வணிகம் செய்வோர் வரை அவர்களில் உண்டு. சட்டமன்றம் கிடையாது, மக்களவை உறுப்பினர் ஒருவர். உயர் நீதிமன்றம் கல்கத்தாவினுடையது. அதன் சுற்று அமர்வு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் கூடுகிறது. வடக்கே திக்லிபூரிலிருந்து தலைநகருக்கு அந்தமான் டிரங்க் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல். ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே, குறித்த நேரத்தில் புறப்படும் வாகன அணிவகுப்போடுதான் அச்சாலையைக் கடக்க வேண்டும். இடையே வண்டிகள் படகேறிக் கடக்கும் துறையும் உண்டு. தெற்கே காம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கு அப்பால், கடல்வழி. ஒரு வாய்தாவுக்கு வந்துபோவது கூலித் தொழிலாளிக்குப் பல நாள் வேலை இழப்பு.

அடிபட்டவருக்குச் சட்டம் தரும் கால அளவுகளை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். 1994 முதல் இழப்பீட்டு மனுவுக்குக் காலக்கெடு இல்லாதிருந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறு மாதக் கெடுவை மீண்டும் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. தலைக்காயத்தோடு ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து சென்னைக்கு அனுப்பப்பட்டு, 1,200 கிலோமீட்டர் தொலைவில் மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கு ஆறு மாதம் என்பது கட்டுகள் அவிழும் காலம். வழக்கறிஞரைத் தேடும் காலம் அன்று. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் அதன் எல்லை ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், முதல் ஏழு நாள். சென்னைக்கும் தலைநகருக்கும் இடையிலான கப்பல் பயணமே ஏறத்தாழ மூன்று நாள்.

அடுத்தது சுற்றுலா. ஹேவ்லாக் என்று எல்லாரும் அறிந்த ஸ்வராஜ் தீவில் இளம் பயணிகள் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது இயல்பான காட்சி. வாடகைக்கான அனுமதி இல்லாத தனியார் வண்டி ஒன்று அப்படிக் கைமாறி, உள்ளூர்க்காரர் ஒருவரை வீழ்த்தினால், நிறுவனத்துக்குச் சட்டம் தரும் வாதம் தயாராக இருக்கிறது. ஓட்டிய பயணி அடுத்த விமானத்தில் பெங்களூருவிலோ டெல்லியிலோ இருப்பார். தீவில் எஞ்சுவது இரண்டே பேர்: ஒரு ஸ்கூட்டரைத் தவிரப் பெரிய சொத்தில்லாத உரிமையாளர், கால் முறிந்தவர். அதேபோல், மாற்றலாகி வந்து சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டுத் தாய்நிலம் திரும்பும் அலுவலரின் மகன் மோதினாலும் அதே கதை. நிறுவனம் விடுவிக்கப்பட்டால், அடிபட்டவர் கையில் இருப்பது கடலுக்கு அப்பால் நிறைவேற்ற வேண்டிய ஒரு தீர்ப்பின் நகல். ஒரு தேசிய நிறுவனம் இந்தியாவின் எந்த மூலையிலும் ஒருவரைத் தேடிப் பிடித்து வசூலிக்க முடியும். கச்சாலின் தோட்டத் தொழிலாளியால் முடியாது. தேடும் சுமையை யார் தோளில் வைப்பது என்பதே இங்கு நீதி.

சிறிய ஊர்களுக்குரிய ஒரு தொல்லையும் உண்டு. மோதியவரும் அடிபட்டவரும் ஒரே கோயிலுக்கு, ஒரே ரேஷன் கடைக்குப் போகிறவர்கள். பெரியவர்கள் கூடி, மருத்துவச் செலவையும் கொஞ்சம் கைப்பணத்தையும் வாங்கிக் கொடுத்து, “பையன் வாழ்க்கை கெட்டுவிடும்” என்று சமாதானம் செய்துவைப்பார்கள். பையனின் வாழ்க்கை பேசப்படும் அந்தத் திண்ணையில் இறந்தவரின் குழந்தையுடைய வாழ்க்கை பேசப்படுவதில்லை. 164ஆம் பிரிவின்படி, யார்மீது தவறு என்று மெய்ப்பிக்காமலே இறப்புக்கு ஐந்து லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கிடைக்கும். ஆனால் நிறுவனத்தோடு சமரசமாகி அந்தத் தொகையை ஏற்றால் தீர்ப்பாயத்தில் உள்ள முழு மனு முடிந்துபோகும். மேலே கணக்கிட்ட 28 லட்சத்துக்குரிய குடும்பம், அவசரத் தேவையில், எவரும் விளக்காத ஒரு படிவத்தில், ஐந்து லட்சத்துக்குக் கைநாட்டு வைத்துவிடலாம். ஆட்சியின் மொழிகள் இந்தியும் ஆங்கிலமுமாக இருக்கும் தீவுகளில், தமிழோ வங்காளமோ நிகோபாரியோ மட்டும் அறிந்த ஒருவர் எதை இழக்கிறார் என்பதை அவர் மொழியில் சொல்வது எவருடைய கடமையாகவும் இல்லை.

2024 மே 19 அன்று புனேயின் கல்யாணி நகரில், பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தனர். சிறார் நீதிக் குழுமம் பிணையில் விடும்போது 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொன்னது; நாடு கொதித்தது. இரத்த மாதிரி மாற்றப்பட்டது என்ற குற்றச்சாட்டும், பெற்றோர் கைதும் தொடர்ந்தன. அவனை வயதுவந்தவனாக விசாரிக்கக் கோரிய மனுவைக் குழுமம் 2025 ஜூலையில் தள்ளியது. ஓராண்டுக்கு மேல் கல்விப்புலத்தாரும் மாணவரும் விவாதித்ததெல்லாம் அந்தச் சிறுவனைப் பற்றியே: அவன் வயது, அவன் செல்வம், அவன் தண்டனை. நிரந்தரப் பதிவெண் இல்லாத கார் பொதுச்சாலைக்கு வந்தது எப்படி என்ற கேள்வி ஓரிரு நாளில் மறைந்தது. இழப்பீடு என்ற சொல் விவாதத்தின் ஓரத்துக்குக்கூட வரவில்லை. சினம் முழுவதும் ஓட்டியவனை நோக்கியே சுழலும்போது, அடிபட்டவர் மீண்டும் படர்க்கையாகிறார்.

மறுப்புகள் இல்லாமலில்லை. நிறுவனம் எப்படியும் கொடுத்துவிடும் என்றால் பெற்றோர் இன்னும் தாராளமாகச் சாவியைக் கொடுப்பார்கள் என்பது முதல் மறுப்பு. இல்லை; கொடுத்தபின் வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு நிற்கிறது, 199ஏ நிற்கிறது. இன்று ஒரு விதவை தனியே துரத்தும் உரிமையாளரை நாளை ஒரு நிறுவனம் துரத்தும். அச்சம் கூடுமே அன்றிக் குறையாது. ஒழுங்காக ஓட்டுபவர்களின் பிரீமியம் உயரும் என்பது இரண்டாம் மறுப்பு. உயரலாம். பொதுச்சாலையில் இயந்திரத்தை ஓட்டும் உரிமையின் விலை அது. அந்த விலையை இன்று அடிபட்டவர் தனியே செலுத்திக்கொண்டிருக்கிறார். ஒப்பந்த நிபந்தனைக்கு மதிப்பே இல்லையா என்பது மூன்றாவது. உண்டு, கையெழுத்திட்ட இருவருக்கு இடையே.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவும் அன்று. இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 151ஆம் பிரிவில், ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனை அடிபட்டவருக்குக் கொடுப்பதைப் பொறுத்தவரை செல்லாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. நிறுவனம் கொடுக்கும், பிறகு தன் ஆளோடு தீர்த்துக்கொள்ளும். காப்பீடே இல்லாத வண்டியால் அடிபட்டோருக்கு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அங்கே 1946 முதல் பணம் கொடுத்துவருகிறது. இந்தியாவில் கட்டாயக் காப்பீடு நடைமுறைக்கு வந்ததும் அதே 1946இல்தான்.

மொழியின் பங்கையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் செய்தியில் ‘விபத்து நேர்ந்தது’, ‘கார் மோதியது’, ‘வண்டி கட்டுப்பாட்டை இழந்தது’. தன்வினைகளின் அணிவகுப்பு; வினைமுதலோ உயிரற்ற பொருள். சாவியைக் கொடுத்தவருக்கு அந்த வாக்கியங்களில் இடமே இல்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001இலேயே ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல்லைத் தன் பக்கங்களிலிருந்து விலக்கியது, தவிர்த்திருக்கக்கூடியதைத் தவிர்க்க முடியாததுபோல அச்சொல் காட்டுகிறது என்பதற்காக. தொல்காப்பியம் கேட்கும் சொற்களை மூன்றாக வகுத்தது: தாழ்ந்தோன் கேட்பது ‘ஈ’, ஒத்தோன் கேட்பது ‘தா’, உயர்ந்தோன் கேட்பது ‘கொடு’. இன்று இழப்பீடு கேட்பவர் தீர்ப்பாயத்தின் வாசலில், நிறுவனத்தின் மேசைமுன், ஊர்ப் பெரியவர் திண்ணையில் ‘ஈ’ என்று நிற்கவைக்கப்படுகிறார். அவர் பெயரால்தான் கோடிக்கணக்கான வண்டிகளிடம் பிரீமியம் வசூலிக்கப்படுகிறது. அவர் சொல்ல வேண்டியது ‘தா’.

செய்ய வேண்டியவை சில.

ஒன்று: உரிமம், வயது, போதை, வாடகை ஆகிய காரணங்கள் நிறுவனத்துக்கும் உரிமையாளருக்கும் இடையில் மட்டுமே செல்லும் என்று நாடாளுமன்றம் 150ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். ‘முதலில் கொடு, பிறகு வசூலி’ என்பது நீதிபதியின் விருப்பமாக அன்றிச் சட்டத்தின் சொல்லாக இருக்க வேண்டும்.

இரண்டு: ஆறு மாதக் கெடு நீங்க வேண்டும். அதுவரை, 2022ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணிநேரத்தில் முதல் அறிக்கையும் 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் காவல்துறை தீர்ப்பாயத்துக்கு அளிப்பதைத் தீவு நிர்வாகம் உறுதிசெய்ய வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. முறையாகச் செய்தால் அடிபட்டவர் கடல்கடந்து வந்து வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை.

மூன்று: சமரசப் படிவம் எதிலும், ஏற்பவர் எதை இழக்கிறார் என்பதை அவர் மொழியில் எழுதிப் படித்துக்காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது. தீவுகளில் அது தமிழையும் வங்காளத்தையும் தெலுங்கையும் நிகோபாரியையும் குறிக்கும். மொழிப்புலங்கள் இத்தகைய பணிக்கு முன்வராவிட்டால் அவை வேறு எதற்கு?

நான்கு: அடிபட்டோரின் உறவினர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 166ஆம் பிரிவின்படி விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். தீவில் இறந்தவரின் தாய் இராமநாதபுரத்தில் வாழ்ந்தால், அங்கேயே வழக்குத் தொடுக்கலாம். இச்செய்தியை ஒருவருக்கேனும் கொண்டுசேர்ப்பது நூறு கண்டனப் பதிவுகளைவிடப் பயனுடையது.

ஐந்து: பதினெட்டு வயது நிறையாத, உரிமம் பெறாத எவர் கையிலும் சாவியைக் கொடுக்காதிருத்தல். இதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை.